பாஸ்பேட் அளவு இயல்பாக இருக்கும்போது பாராதைராய்டு ஹார்மோன் ஏன் உயர்கிறது?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 61. நாள்பட்ட சிறுநீரக நோய்க்காக மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறார். அண்மையில் எடுத்த பரிசோதனையில் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 1.7, சிறுநீரகங்களின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 34, கால்சியம் 9.2, பாஸ்பரஸ் 3.8 என்று வந்திருக்கின்றன. பாஸ்பரஸுக்கான இயல்பு வரம்பு 2.5 முதல் 4.5 வரை என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அதில் குறையொன்றும் தெரியவில்லை. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வரும் பாராதைராய்டு ஹார்மோன் மட்டும் 15 முதல் 65 வரை இருக்க வேண்டிய இடத்தில் 128 ஆக இருக்கிறது.

மருத்துவர் புதிய மாத்திரை எதையும் எழுதவில்லை. ஆனால் பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்திய உணவுகளை விட்டுவிடுமாறு அழுத்தமாகச் சொன்னார். இரத்தத்தில் இயல்பாக இருக்கும் ஒரு பொருளை எதற்காகக் குறைக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை; வெளியே பலர் காத்திருந்ததால் அதிகம் கேட்கவும் முடியவில்லை. பாஸ்பேட்டை எவ்வளவு வெளியேற்ற வேண்டும், எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சிறுநீரகம் எப்படித் தீர்மானிக்கிறது? நிறையத் தண்ணீர் குடித்தால் பாஸ்பேட் தானாக வெளியேறிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? நான் அறிவியல் படித்தவள் அல்லள். இருந்தாலும் விளக்கம் சற்றுக் கடினமாக இருந்தாலும் பொறுமையாகப் படித்துக்கொள்வேன்.

மறுமொழி: நுண்குழல்

உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் தாயாரின் 3.8 என்ற அளவில் பிழை இல்லை. ஆனால் அந்த அளவை அங்கேயே நிறுத்திவைப்பதற்கு அவருடைய உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதை 128 என்ற எண் சொல்கிறது.

உடலில் பாஸ்பரஸ் பாஸ்பேட் வடிவில்தான் இருக்கிறது; அறிக்கை பாஸ்பரஸ் என்று குறிப்பதும் அதைத்தான். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாக இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி செல்களுக்குள் ஆற்றல் மூலக்கூறுகளாகவும் செல்சவ்வுகளாகவும் மரபுப்பொருளாகவும் இருக்கிறது. செல்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் இருப்பது மொத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நாம் இரத்தத்தில் அளப்பது அந்தச் சிறு பங்கைத்தான். ஆகவே இரத்த அளவை வைத்து உடலின் இருப்பைக் கணிக்க இயலாது. உணவிலிருந்து உள்ளே வருவதும் சிறுநீரில் வெளியே போவதும் சமமாக இருக்கின்றனவா, அந்தச் சமநிலை எத்தனை சிரமப்பட்டு நிலைநிறுத்தப்படுகிறது என்பவையே இங்கு முக்கியம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குடல் நாளொன்றுக்கு நிகரமாக 800 மில்லிகிராம் பாஸ்பரஸை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமநிலை குலையாதிருக்க அதே 800 மில்லிகிராம் சிறுநீரில் வெளியேற வேண்டும். நல்ல நிலையில் உள்ள சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. லிட்டருக்கு 35 மில்லிகிராம் என்று கொண்டால் 6,300 மில்லிகிராம் பாஸ்பரஸ் நுண்குழல்களுக்குள் இறங்குகிறது. அதில் 13 விழுக்காட்டை மட்டும் வெளியே விட்டு, மற்றதையெல்லாம் மீள உறிஞ்சிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். உங்கள் தாயாருக்கு நிமிடத்துக்கு 34 மில்லிலிட்டர்தான் வடிகிறது; அதாவது நாளொன்றுக்கு 49 லிட்டர். அறிக்கையில் உள்ள 3.8 என்பது 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு; ஆகவே லிட்டருக்கு 38 மில்லிகிராம் வீதம் 1,860 மில்லிகிராம் இறங்குகிறது. அவரும் அதே 800 மில்லிகிராமை வெளியேற்ற வேண்டுமானால், வடிந்ததில் 43 விழுக்காட்டை வெளியே விட்டாக வேண்டும். இரத்த அளவு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகான நெஃப்ரான்களில் மீந்திருக்கும் ஒவ்வொன்றும் செய்யும் வேலையோ மும்மடங்குக்கு மேல்.

இந்த 13 விழுக்காடு 43 ஆவது எப்படி என்பதே உங்கள் இரண்டாவது கேள்வி. மீள உறிஞ்சுதலில் பெரும்பகுதி அண்மைச் சுருள் நுண்குழலில் நடக்கிறது. அந்தக் குழலின் உட்சுவரிலுள்ள செல்களின் நுண்விரலிகளில் சோடியத்தோடு சேர்த்துப் பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் பொதிந்திருக்கின்றன. அவற்றுள் என்ஏபிஐ 2ஏ, 2சி என்ற இரண்டும் முதன்மையானவை. எத்தனை கடத்திகள் சவ்வின்மேல் நிற்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் பாஸ்பேட் திரும்பக் கிடைக்கும். கடத்திகளைச் சவ்விலிருந்து அகற்றினால் பாஸ்பேட் சிறுநீரோடு போய்விடும். சோடியத்துக்கும் தண்ணீருக்கும் இருப்பதுபோல், நுண்குழலின் பிற்பகுதியில் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் பெரிய வாய்ப்பு பாஸ்பேட்டுக்கு இல்லை. முடிவு பெரும்பாலும் தொடக்கப் பகுதியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

கடத்திகளை அகற்றும் உத்தரவை இரண்டு ஹார்மோன்கள் கொண்டுவருகின்றன. முதலாவது பாராதைராய்டு ஹார்மோன். அது வந்து சேர்ந்த சில நிமிடங்களிலேயே 2ஏ கடத்திகள் செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. அவை மீண்டும் சவ்வுக்குத் திரும்புவதில்லை; புதிதாகத் தயாரிக்கப்பட்டாக வேண்டும். இரண்டாவது, எலும்பினுள் வாழும் ஆஸ்டியோசைட் செல்கள் சுரக்கும் எஃப்ஜிஎஃப் 23. எலும்பு உடலைத் தாங்குவதோடு நில்லாமல் ஹார்மோனையும் சுரக்கிறது என்பது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகே தெளிவாயிற்று. நான் மாணவனாக இருந்த காலத்துப் பாடநூலில் இந்த ஹார்மோனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இது பாராதைராய்டு ஹார்மோனைவிட மெதுவாக வேலை செய்கிறது. ஆனால் நெடுநேரம் செய்கிறது. செல் இதன் செய்தியைக் கேட்க வேண்டுமானால் வழக்கமான ஏற்பியோடு குளோத்தோ என்ற துணைப்புரதமும் அங்கே இருக்க வேண்டும். 1997இல் எலிகளில் முதுமையை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட அந்தப் புரதம் சிறுநீரகத்தில் மிகுதியாக இருக்கிறது.

இரண்டு ஹார்மோன்களும் பாஸ்பேட்டை வெளியேற்றுவதில் ஒத்துழைக்கின்றன. வைட்டமின் டி விஷயத்தில் எதிரெதிராக நிற்கின்றன. வைட்டமின் டியைச் செயல்வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றும் நொதி சிறுநீரகத்தில் இருக்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் அந்த நொதியைத் தூண்டுகிறது. எஃப்ஜிஎஃப் 23 அதை அடக்குவதோடு, இருக்கும் கால்சிட்ரியாலைச் சிதைக்கும் நொதியையும் கூட்டிவிடுகிறது. கால்சிட்ரியால் குறைந்தால் குடல் உணவிலிருந்து எடுக்கும் பாஸ்பேட்டும் குறையும் என்பதால், பாஸ்பேட் ஒன்றை மட்டும் பார்த்தால் இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் கால்சிட்ரியால் குறையும்போது கால்சியமும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. பாராதைராய்டு சுரப்பியின்மேல் இருந்த கடிவாளமும் தளர்கிறது.

இனி உங்கள் தாயாரின் அறிக்கைக்கு வருவோம். நெஃப்ரான்கள் குறையத் தொடங்கியதும் முதலில் எஃப்ஜிஎஃப் 23 உயர்கிறது. அதன் விளைவாகக் கால்சிட்ரியால் இறங்குகிறது. அதன் பிறகு பாராதைராய்டு ஹார்மோன் ஏறுகிறது. இரத்தப் பாஸ்பேட் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் உயரும். அறிக்கையில் நீங்கள் பார்ப்பது இந்த வரிசையின் நடுப்பகுதி. ஒரு சமநிலையைக் காக்க உடல் இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது என்ற இக்கருத்தை அமெரிக்கச் சிறுநீரகவியல் அறிஞர் நீல் பிரிக்கர், எஃப்ஜிஎஃப் 23 அறியப்படுவதற்கு வெகு முன்பே, 1972இல் முன்வைத்தார்.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டராக இறங்கிவிட்டால் நாளொன்றுக்கு வடிவது 21.6 லிட்டர்தான். இரத்த அளவு 3.8 ஆகவே இருந்தால் அதில் இருக்கும் பாஸ்பரஸ் மொத்தமே 820 மில்லிகிராம். அதிலிருந்து 800ஐ வெளியேற்ற வேண்டுமென்றால் மீள உறிஞ்சுதலை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்த வேண்டும். எந்த ஹார்மோனாலும் அது ஆகாது. வடிந்ததில் 65 விழுக்காட்டை வெளியேற்றுவதே உச்சம் என்று வைத்துக்கொண்டால், 800 மில்லிகிராம் வெளியேறுவதற்கு இரத்த அளவு 5.7 ஆக உயர்ந்தாக வேண்டும். அங்கே ஒரு புதிய சமநிலை பிறக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் மீண்டும் சமமாகின்றன, ஆனால் உயர்ந்த இரத்த அளவில். வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போகும்வரை பெரும்பாலோருக்குப் பாஸ்பேட் உயராமல் இருப்பதும், அதன் பின் விரைவாக ஏறுவதும் இந்தக் கணக்கினால்தான்.

மறுமொழி: செங்காந்தள்

டயாலிசிஸ் பிரிவில் பணிபுரிகிறேன். தண்ணீர் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதிகம் குடிக்கும் தண்ணீர் சிறுநீரை நீர்த்துப்போகச் செய்யும். பாஸ்பேட்டைக் கூடுதலாக வெளியேற்றாது. மேலே விளக்கப்பட்டதுபோல், எவ்வளவு பாஸ்பேட் மீள உறிஞ்சப்படுகிறது என்பதைக் கடத்திகள் தீர்மானிக்கின்றன; குடித்த தண்ணீரின் அளவுக்கேற்ப மாறுவது, பெரும்பாலும் நுண்குழலின் பிற்பகுதியில் நடக்கும் நீர் உறிஞ்சுதல்தான். நோய் முற்றியவர்கள் சிலருக்கு மிகுதியான தண்ணீர் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். ஆகவே உங்கள் தாயார் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயந்திரத்துக்கே பாஸ்பேட்டை அகற்றுவது எளிதாக இல்லை. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் வெளியேறுவது பொதுவாக 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை. வாரம் மூன்று முறை செய்தாலும் 3 கிராமைத் தாண்டுவது அரிது. அதே வாரத்தில் குடல் உறிஞ்சுவதோ ஐந்து கிராமுக்கு மேல். இரத்தத்திலிருப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. செல்களுக்குள்ளிருந்தும் எலும்பிலிருந்தும் வர வேண்டியது மெதுவாகத்தான் வருகிறது. இயந்திரத்தை நிறுத்திய பின் அளவு மறுபடி ஏறுகிறது. நாள் முழுதும் ஓயாமல் வேலை செய்யும் சிறுநீரகத்தின் அருமை எங்கள் பிரிவில் நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறுமொழி: ஆய்வுக்கூடத்தான்

3.8 என்ற அளவைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. இரத்தப் பாஸ்பேட் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும் தன்மையுடையது. காலையில் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் இருக்கும். ஒரு முறை காலை வெறும் வயிற்றிலும் மறுமுறை மாலையிலும் இரத்தம் எடுத்துவிட்டு, இரண்டு எண்களையும் ஒப்பிட்டு ஏறிவிட்டது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. மாதிரிக் குழாயில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலும், இரத்தத்தை நெடுநேரம் பிரிக்காமல் வைத்துவிட்டாலும் செல்லுக்குள் இருக்கும் பாஸ்பேட் வெளியே கசிந்து அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: அளவறிந்து

உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். மருத்துவர் எல்லாப் பாஸ்பேட் உணவுகளையும் தடுக்காமல், சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டை மட்டும் குறிப்பிட்டிருப்பது மிகப் பொருத்தமானது. உணவு அட்டவணைகள் காட்டும் மில்லிகிராம் ஒன்று, குடல் எடுத்துக்கொள்ளும் மில்லிகிராம் வேறு. தானியங்களிலும் பருப்புகளிலும் கொட்டைகளிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைடேட் வடிவில் இருக்கிறது; அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. இறைச்சி, பால் முதலியவற்றில் இருப்பது அதைவிடக் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. பதப்படுத்தும்போது உப்பாகச் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ 90 விழுக்காடு வரையிலோ அதற்கு மேலோ உள்ளே போய்விடுகிறது. ஆகவே அட்டவணையைப் பார்த்துப் பருப்பை நிறுத்திவிட்டு, பதப்படுத்திய இறைச்சியையும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த அடர்நிறக் குளிர்பானத்தையும் தொடர்வது தலைகீழான செயல்.

பொட்டலத்தின் பின்புறத்தில் 338 முதல் 341 வரையும், 450, 451, 452 என்றும் சேர்பொருள் எண்கள் இருந்தால் அவை பாஸ்பாரிக் அமிலமும் பாஸ்பேட் உப்புகளும் ஆகும். எத்தனை மில்லிகிராம் என்பது பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. எண் இருக்கிறதா இல்லையா என்பதே நமக்குக் கிடைக்கும் துப்பு.

அச்சத்தில் புரதத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். தசை கரைந்து உடல் மெலிவது சிறுநீரக நோயாளிகளுக்குப் பெருங்கேடு. ஒரு கிராம் புரதத்தோடு எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. முழு முட்டையில் அது ஏறத்தாழ 15 மில்லிகிராம். வெள்ளைக் கருவில் ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. காய்களையும் இறைச்சியையும் நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் ஒரு பகுதி குறையும்.

உணவோடு சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கப்படும் சோடியம் பாஸ்பேட் மருந்து, ஒரே வேளையில் மிகப் பெரிய அளவு பாஸ்பேட்டை உடலுக்குள் செலுத்தி, நுண்குழல்களில் கால்சியம் பாஸ்பேட் படியச் செய்து சிறுநீரகத்தை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அத்தகைய பரிசோதனை வரும்போது சிறுநீரக நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: ஐயவினா

மேலே உள்ள விளக்கங்களோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால், எஃப்ஜிஎஃப் 23 உயர்ந்திருக்கும், ஆகவே இப்போதே மாத்திரையால் பாஸ்பேட்டைக் குறைத்துவிடலாமே என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது. 2012இல் வெளியான ஒரு சோதனையில், வடிகட்டும் திறன் 20க்கும் 45க்கும் இடையில் உள்ள, பாஸ்பேட் ஏறக்குறைய இயல்பாகவே இருந்த 148 பேருக்குப் குடலில் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாமல் தடுக்கும் பிணைப்பு மாத்திரையோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை பெற்றவர்களுக்கு இரத்தப் பாஸ்பேட் சிறிதளவே குறைந்தது. இரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவோ போலி மாத்திரை பெற்றவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்தது. சிறுநீரக நோய்ச் சிகிச்சைக்கு வழிகாட்டும் பன்னாட்டு அமைப்பான கேடிஐஜிஓவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பாஸ்பேட் தொடர்ந்து உயர்ந்து வந்தாலோ உயர்ந்தே நின்றாலோதான் அதைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. உங்கள் மருத்துவர் மாத்திரை எழுதாதது மறதியால் அன்று என்றே நினைக்கிறேன்.

கயல்

அனைவருக்கும் நன்றி. அந்த 13 விழுக்காடு, 43 விழுக்காடு கணக்கை இரண்டு முறை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பாராதைராய்டு ஹார்மோன் பாஸ்பேட்டை வெளியேற்ற உதவுகிறது என்றால், அது உயர்ந்திருப்பது நல்லதுதானே? அடுத்து, சிறுநீரகத்தின் சிரமம் சிறுநீரில்தான் தெரியும் என்றால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பாஸ்பேட்டை அளந்தால் போதாதா?

மறுமொழி: நுண்குழல்

முதல் ஐயத்துக்கு: இப்போதைக்கு உதவுகிறது என்பது சரி. ஆனால் அந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. எலும்பைக் கரைத்துக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இரத்தத்துக்கு அனுப்புவதும் அதன் தொழில். சிறுநீரகம் நல்ல நிலையில் இருக்கும்வரை, எலும்பிலிருந்து வந்த பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிட்டுக் கால்சியத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறது. நெஃப்ரான்கள் பெரிதும் குறைந்துவிட்டால், வெளியேற்றும் வழி அடைபட்டிருக்க, எலும்பிலிருந்து வருவது மட்டும் தொடர்கிறது. அந்த நிலையில் ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பாஸ்பேட்டும் ஏறும், எலும்பும் மெலியும். ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்ட சுரப்பி பருத்துப்போய், தூண்டுதல் நின்ற பிறகும் சுரந்துகொண்டிருப்பதும் உண்டு. எஃப்ஜிஎஃப் 23 மிக உயர்ந்திருப்பது இதயத்தின் இடக் கீழறைச் சுவர் தடிப்பதோடு தொடர்புடையது என்றும் காட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாவது ஐயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சமநிலையில் இருக்கும் ஒருவரின் 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள பாஸ்பேட், அவருடைய குடல் உறிஞ்சிய அளவையே காட்டும். சிறுநீரகத்தின் சிரமத்தைக் காட்டாது. மேலே என் கணக்கில் நல்ல சிறுநீரகமும் நோயுற்ற சிறுநீரகமும் ஒரே 800 மில்லிகிராமைத்தான் வெளியேற்றின என்பதை நினைவுகூருங்கள். வேறுபாடு தெரிய வேண்டுமானால், வடிந்ததில் எத்தனை பங்கு வெளியேறியது என்று கணக்கிட வேண்டும். அதற்கு ஒரே நேரத்தில் எடுத்த சிறுநீரும் இரத்தமும் போதும். சிறுநீரின் பாஸ்பேட்டை இரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி, அதை இரத்தப் பாஸ்பேட்டும் சிறுநீர்க் கிரியேட்டினினும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாகச் சிறுநீரில் பாஸ்பேட் 35, கிரியேட்டினின் 40 என்று வந்தால், 35ஐ 1.7ஆல் பெருக்கிக் கிடைக்கும் 59.5ஐ, 3.8ஐ 40ஆல் பெருக்கிக் கிடைக்கும் 152ஆல் வகுத்தால் 39 விழுக்காடு. இந்தக் கணக்கில் சிறுநீரின் மொத்த அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தால், தண்ணீர் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருப்பது தெரியும்.

இந்தப் பரிசோதனை உங்கள் தாயாருக்குப் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. 128 அதைச் சொல்லிவிட்டது. காரணம் தெரியாமல் பாஸ்பேட் குறைந்துபோகும் நோயாளிகளிடம்தான் இதன் பயன் மிகுதி. பிஹெச்இஎக்ஸ் மரபணுவில் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு எஃப்ஜிஎஃப் 23 தேவையின்றி மிகுதியாகச் சுரக்கிறது. வடிகட்டும் திறன் நன்றாகவே இருந்தும், பாஸ்பேட் சிறுநீரில் வீணாகி, கால்கள் வளைகின்றன. அந்த ஹார்மோனைப் பிடித்து முடக்கும் புரோசுமாப் என்ற மருந்து 2018இல் ஒப்புதல் பெற்றது. மென்திசுக்களில் வளரும் சில சிறு கட்டிகளும் இதே ஹார்மோனைச் சுரக்கின்றன. கட்டியை முழுமையாக அகற்றியதும் சில நாட்களில் பாஸ்பேட் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. சிறுநீரகம் ஹார்மோனின் சொற்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது.

நீங்கள் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியது உடலின் வைட்டமின் டி இருப்பைக் காட்டும் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி அளவு பார்க்கப்பட்டதா என்பது. மேலே ஐயவினா குறிப்பிட்ட அதே வழிகாட்டுதல், பாராதைராய்டு ஹார்மோன் தொடர்ந்து உயர்ந்திருப்பவர்களிடம் பாஸ்பேட் மிகுதி, கால்சியக் குறைவு, உணவில் பாஸ்பேட் மிகுதி, வைட்டமின் டி குறைபாடு ஆகியவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்கிறது. முதல் இரண்டும் உங்கள் தாயாருக்கு இல்லை என்று அறிக்கையே காட்டுகிறது. மூன்றாவதற்கு மருத்துவர் வழி சொல்லிவிட்டார். நான்காவதன் விடை நீங்கள் எழுதிய அறிக்கையில் இல்லை.